ஏரி வேலைக்கு ஆள் வராதது ஏன்? சோம்பல் மட்டும்தான் காரணமா?

முதலில் ஒரு சின்ன விளையாட்டு. முன்பின் தெரியாத ஒருவரிடம் 1,000 ரூபாய் தரப்படுகிறது. அதில் உங்களுக்கு எவ்வளவு என்பதை அவர்தான் முடிவு செய்வார். நீங்கள் ‘சரி’ என்றால் இருவருக்கும் பணம். ‘வேண்டாம்’ என்றால் இருவருக்குமே கிடையாது. அவர் 900 ரூபாயை வைத்துக்கொண்டு 100 ரூபாயை நீட்டுகிறார். என்ன செய்வீங்க?

கணக்குப்படி பார்த்தா வாங்கிக்கணும். சும்மா வர்ற காசுதானே! ஆனால் இதே போன்ற சோதனை நடந்த பல நாடுகளில், ‘எனக்கும் வேண்டாம், உனக்கும் வேண்டாம்’ என்றவர்கள் ஏராளம். ஜெர்மன் ஆய்வாளர் வெர்னர் கூத்தும் சக ஆய்வாளர்களும் 1982இல் இதை வெளியிட்டார்கள். பங்கு 20 சதவீதத்துக்குக் கீழே போனால் மறுப்பு அதிகம்.

இதைவிட சுவாரஸ்யமான விஷயம் 1995இல் தெரியவந்தது. அமெரிக்க ஆய்வாளர் சாலி பிளவுன்ட், பங்கை மனிதர் முடிவு செய்யாமல் குலுக்கல் முறையில் தீர்மானித்தால் என்ன ஆகும் என்று பார்த்தார். குறைந்த தொகையையும் மக்கள் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார்கள். அதாவது, தொகை சின்னதா என்பது மட்டுமல்ல, அதை யார், எப்படி முடிவு செய்தார் என்பதுதான் உறுத்தல்.

ஏரிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

வரத்துக் கால்வாயைத் தூர்வார, கரையைப் பலப்படுத்த ஊரே சேர்ந்து உழைப்பதுதான் குடிமராமத்து. இதில் ஒரு சிக்கல் உண்டு. வேலைக்கு வராதவர் வயலுக்கும் தண்ணீர் பாயும். அப்புறம் எதுக்கு வரணும்? 1858இல் சென்னை மாகாணத்தில் இதைக் கட்டாயமாக்கச் சட்டமே போடப்பட்டது. 2017இல் தமிழக அரசு அதே பெயரில் திட்டத்தைத் தொடங்கி, பணிகளைப் பாசனதாரர்களிடம் கொடுத்தது.

எந்த ஊரில் ஒத்துழைப்பு இருக்கிறது, எங்கே இல்லை? பொருளாதார அறிஞர் பிரணாப் பர்தன் தமிழ்நாட்டின் 48 பாசன ஊர்களை ஆராய்ந்து 2000இல் கட்டுரை வெளியிட்டார். நில உடைமையில் ஏற்றத்தாழ்வு அதிகமுள்ள ஊர்களில் ஒத்துழைப்பு பொதுவாகக் குறைவு. விதிகளை வகுத்தது ஊர்ப் பெரிய புள்ளிகள்தான் என்று நினைத்த விவசாயிகள், தண்ணீர்ப் பங்கீட்டைப் பற்றியும் சரி, மற்றவர்கள் விதியை மதிக்கிறார்களா என்பது பற்றியும் சரி, அவ்வளவு நல்லவிதமாகச் சொல்லவில்லை. 900-க்கு 100 கதைதான்!

‘நம்ம ஆளுங்க’ன்னா சரியாகிடுமா?

ஓரளவுக்கு. பெரும்பாலானோர் ஒரே சாதியாக இருந்த ஊர்களில் தண்ணீர்த் தகராறு குறைவு என்றும் அதே ஆய்வு சொல்கிறது. ஆனால் இதற்கு இன்னொரு பக்கம் இருக்கு.

இங்கிலாந்தின் பிரிஸ்டலில் உளவியலாளர் ஹென்றி தாஜ்ஃபெல் பள்ளி மாணவர்களைப் பெயருக்கு இரண்டு குழுவாகப் பிரித்தார். யாருக்கு எந்த ஓவியரின் படம் பிடித்திருக்கிறது என்பதுதான் காரணம் என்று சொன்னார். அவ்வளவுதான்! பணம் பங்கிடச் சொன்னதும் தங்கள் குழுவுக்கே அதிகம் கொடுத்தார்கள். எதிர்க்குழுவை முந்த வேண்டும் என்பதற்காக, தங்கள் குழுவுக்கு வரக்கூடிய தொகையையே குறைத்துக்கொண்டவர்களும் உண்டு. ஓவியத்துக்கே இப்படி என்றால், சாதியும் தெருவும் தலைமடை, கடைமடையும் சேர்ந்த ஊரில் கேட்கவா வேண்டும்?

நம்ம ஊர்கள் இதற்கு ஒரு வழி கண்டிருந்தன. மதகைத் திறந்து, வயல் வயலாகத் தண்ணீர் பாய்ச்சுபவர் நீர்க்கட்டி. கூலி, அறுவடையில் நெல். பல ஊர்களில் இவர்கள் நிலமில்லாத பட்டியல் சமூகத்தினர். சொந்த வயல் இல்லாததால் யார் பக்கமும் சாய மாட்டார் என்ற நம்பிக்கை ஊருக்கு. தண்ணீரை நியாயமாகப் பிரிக்கும் பொறுப்பு அவர் கையில். அந்தத் தண்ணீர் பாயும் நிலத்தில் மட்டும் அவருக்குப் பங்கு கிடையாது.