பிரதிநிதி என்பதற்கு என்ன அத்தாட்சி?

2009-ஆம் ஆண்டு டிசம்பரில் டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் உலகத் தட்பவெப்பநிலை மாநாடு கூடியது. பெரிய நாடுகள் சில தம்முள் பேசித் தயாரித்த ஓர் உடன்பாட்டை மாநாடு ஏற்கவேண்டும் என்று கோரப்பட்டது. சில நாடுகள் மறுத்தன. அவற்றுள் ஒன்று துவாலு. பசிபிக் கடலில் உள்ள இத்தீவு நாட்டின் மொத்தப் பரப்பு 26 சதுர கிலோமீட்டர். மக்கள் தொகை ஏறத்தாழ 11,000. ஆயினும், இத்தகைய நாடுகள் மறுத்ததனால் அந்த உடன்பாடு மாநாட்டின் தீர்மானமாக நிறைவேறவில்லை. அதனைக் கவனத்தில் கொண்டதாக மட்டுமே மாநாடு பதிவு செய்தது.

இதில் சுவையான செய்தி ஒன்றுண்டு. துவாலுவுக்காக அங்கே வாதாடியவர் ஆஸ்திரேலியாவில் வசித்து வந்தவர். அப்படியானால், துவாலுவின் சார்பில் பேச அவருக்கு உரிமை உண்டு என்பதை மாநாட்டார் எவ்வாறு அறிந்தனர்?

நியமனப் பத்திரம்

ஐக்கிய நாடுகளின் தட்பவெப்பநிலை ஒப்பந்தம் 1992-இல் உருவாகி, 1994-இல் நடைமுறைக்கு வந்தது. இன்று 197 நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியமும் இதில் உறுப்பினர். மாநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஒவ்வோர் உறுப்பினரும் ஒரு நியமனப் பத்திரம் தரவேண்டும். "இன்னின்னார் எங்கள் பிரதிநிதிகள்" என்று கூறும் அப்பத்திரத்தில் நாட்டின் தலைவரோ, அரசாங்கத் தலைவரோ, வெளியுறவு அமைச்சரோ கையொப்பமிட்டிருத்தல் வேண்டும். சுற்றுச்சூழல் அமைச்சரின் கையொப்பம் போதாது. மாநாடு தொடங்கி 24 மணி நேரத்துக்குள் அது செயலகத்தை அடையவேண்டும் என்பது விதி.

பத்திரங்களைப் பரிசீலிக்கும் பொறுப்பு 11 பேர் கொண்ட தலைமைக் குழுவுக்கு உரியது. உலகின் ஐந்து வட்டாரங்களிலிருந்து இருவர் வீதமும், சிறு தீவு நாடுகளிலிருந்து ஒருவரும் இதில் இடம் பெறுவர். குழு தன் அறிக்கையை மாநாட்டின் முன் வைக்கும். மாநாடு முடிவு செய்யும். அதுவரையில் பிரதிநிதிகள் தற்காலிகமாகப் பங்கு கொள்ளலாம்.

இங்கே நாம் ஒன்றைக் கவனிக்கவேண்டும். பிரதிநிதி எங்கே பிறந்தார், எங்கே வசிக்கிறார், என்ன படித்தார் என்று குழு கேட்பதில்லை. யார் அனுப்பினார் என்பதே கேள்வி. எடைக்கல்லை நாம் எப்படி நம்புகிறோம்? அதைச் சோதிக்க நம்மிடம் வேறு கல் இல்லை. அதன்மேல் உள்ள அரசு முத்திரையைப் பார்த்தே நம்புகிறோம் அல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

ஏன் இந்தக் கண்டிப்பு?

வாக்கெடுப்பு பற்றிய விதியில் உறுப்பு நாடுகளிடையே இணக்கம் ஏற்படவே இல்லை. ஆகவே, இம்மாநாடுகளில் முடிவுகள் பொதுக் கருத்திணக்கத்தினால் எடுக்கப்படுகின்றன. "மறுப்பு உண்டா?" என்று தலைவர் கேட்பார், எவரும் மறுக்காவிடில் தீர்மானம் நிறைவேறும். ஒரு சிறு நாட்டின் மறுப்புக்கும் இங்கே எடை உண்டு. எனவே, மறுப்பவர் அந்நாட்டின் பிரதிநிதிதானா என்பதில் ஐயம் இருக்கலாகாது.

வாயிலில் காட்டும் அடையாளச் சீட்டு வேறு, நியமனப் பத்திரம் வேறு. கோபன்ஹேகன் மாநாட்டு மண்டபம் 15,000 பேரைக் கொள்ளக்கூடியது. அனுமதி கேட்டுப் பதிவு செய்தோரோ 40,000-க்கு மேற்பட்டவர்கள்! பலர் கடுங்குளிரில் மணிக்கணக்கில் வரிசையில் நின்றனர். இவர்களில் பத்திரிகையாளரும் உண்டு, தொண்டு நிறுவனத்தாரும் உண்டு. உள்ளே செல்லச் சீட்டுப் போதும். நாட்டின் பெயரால் முடிவெடுக்கப் பத்திரம் வேண்டும்.

உடன்படிக்கையில் கையொப்பமிட அதற்கும் மேலான 'முழு அதிகாரப் பத்திரம்' தேவை. பாரிஸ் உடன்படிக்கை 2015 டிசம்பர் 12-இல் ஏற்கப்பட்டது. 2016 ஏப்ரல் 22-இல் நியூயார்க்கில் 175 உறுப்பினர் சார்பில் கையொப்பமிடப்பட்டது. நாட்டின் தலைவர், அரசாங்கத் தலைவர், வெளியுறவு அமைச்சர் ஆகியோருக்கு மட்டும் இப்பத்திரம் தேவையில்லை. அவர்கள் வகிக்கும் பதவியே அதிகாரம் என்று 1969-ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை கூறுகிறது.

அனுப்பியவர் யார்?

முத்திரை சரியாக இருக்கிறது. முத்திரையிட்டவரையே ஏற்க மறுத்தால்? சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. 1974-இல் ஐ.நா. பொதுச் சபைக்குத் தென்னாப்பிரிக்க அரசு பிரதிநிதிகளை அனுப்பியது. அது வெள்ளைச் சிறுபான்மையினரின் அரசு. பெரும்பான்மை மக்களின் பிரதிநிதியாகாது என்பது பல நாடுகளின் வாதம். அதன் பத்திரம் நிராகரிக்கப்பட்டது. பிரதிநிதிகள் அவையில் பங்கு கொள்ள முடியாமற் போயிற்று. நிறவெறி ஆட்சி ஒழிந்த 1994-இல்தான் தென்னாப்பிரிக்கா தன் இருக்கைக்குத் திரும்பியது.

2021 ஆகஸ்டில் ஆப்கானிஸ்தானில் தாலிபான்கள் ஆட்சியைக் கைப்பற்றினர். அவ்வாண்டு டிசம்பரில் ஐ.நா. பொதுச் சபை, அந்நாட்டின் பிரதிநிதி யார் என்ற முடிவைத் தள்ளிவைத்தது. தட்பவெப்பநிலை மாநாட்டின் தலைமைக் குழுவும் அவ்வாறே தள்ளிவைத்தது. 2024 நவம்பரில் அஜர்பைஜானின் பாகு நகரில் நடந்த மாநாட்டுக்குத் தாலிபான் குழு ஒன்று வந்தது. ஆனால், உறுப்பு நாட்டின் பிரதிநிதிகளாக அன்று, மாநாட்டை நடத்திய நாட்டின் விருந்தினராக.

இதில் இரு தரப்பு நியாயங்களும் கனமானவை. பெண்களின் கல்வியை ஆறாம் வகுப்போடு நிறுத்திய ஓர் ஆட்சியின் பத்திரத்தை ஏற்பது, அவ்வாட்சியையே ஏற்பது போலாகும் என்பர் சிலர். ஆனால், 2024 மே மாதம் பக்லான் மாகாணத்தில் திடீர் வெள்ளம் 300-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் அந்நாட்டின் பங்கு மிகமிகச் சிறிது. வெள்ளத்தில் வீடிழந்தவனின் குறையை மாநாட்டில் யார் எடுத்துச் சொல்வது என்று கேட்பர் மற்றவர்.

காற்றிலுள்ள கரியமில வாயுவை அளக்கக் கருவிகள் உண்டு. எந்த நாட்டார் அளந்தாலும் விடை ஒன்றே. ஒரு நாட்டு மக்களின் குரல் எது என்று அளக்கவோ கருவி ஏதுமில்லை. ஒரு தாளையும் ஒரு கையொப்பத்தையும் வைத்தே உலகம் அதனை அறிய முயல்கிறது. தாள் சரியாக இருந்தால் பதினொருவர் குழு தன் வேலையைச் செய்துவிடும். கையொப்பமிட்டவரைப் பற்றியே வழக்கு என்றால், அதனைத் தீர்க்க வேண்டியவர்கள் நாடுகள்தாம். அதுவரை காத்திருப்பவர்கள், வெள்ளத்தையும் வறட்சியையும் தாங்கும் மக்கள்.