ஊருக்குச் செல்லும் வழியில் ஒரு காடு

நுழையும் முன்

மைசூருவில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல, விடுமுறையில் உதகைக்கும் கோவைக்கும் செல்லும்போது ஒரு பெருங்காட்டின் நடுவே பயணம் செய்கின்றன. அக்காட்டை நீங்களும் வண்டியின் சன்னல் வழியே பார்த்திருப்பீர்கள். அது எத்தகைய காடு? அதனை எவ்வாறு காண வேண்டும்? இரவில் அதன் சாலை ஏன் மூடப்படுகிறது? இவ்வினாக்களுக்கு இப்பாடம் விடை கூறுகிறது.

காடு இருக்கும் இடம்

மைசூருவிலிருந்து தெற்கே நஞ்சன்கூடு, குண்டலுப்பேட்டை ஆகிய ஊர்களைக் கடந்து ஏறத்தாழ 80 கி.மீ. சென்றால் பந்திப்பூரை அடையலாம். பந்திப்பூர்த் தேசியப் பூங்காவின் பரப்பு ஏறத்தாழ 870 சதுர கி.மீ. ஆகும். அதன் தெற்கு எல்லையில் தமிழ்நாட்டின் முதுமலையும், தென்மேற்கில் கேரளத்தின் வயநாடும், வடமேற்கில் கர்நாடகத்தின் நாகரஹொளெயும் அமைந்துள்ளன. இவை நான்கும் பெயரளவில் வேறுபட்ட காப்பகங்கள். ஆனால், மண்ணில் அவை தொடர்ந்து செல்லும் ஒரே காடு. 1986-ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட நீலகிரி உயிர்க்கோளக் காப்பகத்தில் இவை அனைத்தும் அடங்கும்.

கக்கநல்லா சோதனைச்சாவடியில் கன்னடப் பெயர்ப்பலகை முடிந்து தமிழ்ப் பெயர்ப்பலகை தொடங்குகிறது. அவ்வெல்லை நமக்கு உரியது. சாலையின் ஒரு புறம் மேய்ந்துவிட்டு மறுபுறம் செல்லும் யானைக் கூட்டத்திற்கு அது தெரியாது.

வேட்டைக்களம் காப்பகமான வரலாறு

இக்காடு ஒரு காலத்தில் மைசூர் மன்னர்களின் வேட்டைக்களமாக இருந்தது. கபினி ஆற்றங்கரையிலுள்ள காக்கனக்கோட்டையில் 'கெட்டா' என்னும் முறையில் யானைகளைப் பிடித்தனர். பறைகளை முழக்கியும் தீப்பந்தங்களைக் காட்டியும் யானைக் கூட்டத்தை விரட்டி, வலிய மரவேலிக்குள் அடைப்பதே அம்முறை. அங்கு இவ்வழக்கம் 1971-ஆம் ஆண்டுடன் முடிவுற்றது.

வேட்டை நடந்த அக்காலத்திலேயே காப்புமுயற்சியும் தோன்றியது. 1931-ஆம் ஆண்டு 90 சதுர கி.மீ. பரப்புள்ள காடு விலங்குகளின் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. 1941-ஆம் ஆண்டு அது விரிவுபடுத்தப்பட்டு, வேணுகோபால வனவிலங்குப் பூங்கா எனப் பெயர் பெற்றது. அருகிலுள்ள கோபாலசுவாமி மலையின் உச்சியில் கோயில் கொண்டுள்ள இறைவனின் பெயரே பூங்காவிற்கு இடப்பட்டது.

1972-ஆம் ஆண்டு இந்தியாவில் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பில் 1,827 புலிகளே இருப்பதாகத் தெரியவந்தது. அதே ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. மறு ஆண்டு, புலிகளைக் காக்கும் தேசியத் திட்டம் ஒன்பது காடுகளில் தொடங்கப்பட்டது. அவ்வொன்பதனுள் பந்திப்பூரும் ஒன்று. 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 3,682 புலிகளும் அவற்றுள் கர்நாடகத்தில் மட்டும் 563 புலிகளும் உள்ளன என மதிப்பிடப்பட்டது. திட்டத்தின் ஐம்பதாம் ஆண்டு நிறைவு விழா 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் நம் மைசூருவில்தான் நடைபெற்றது.

புலிகளை எவ்வாறு எண்ணுகின்றனர்? நம் கைவிரல் ரேகை ஒருவருக்கு இருப்பதுபோல் மற்றொருவருக்கு இருப்பதில்லை. புலியின் உடலிலுள்ள வரிகளும் அத்தகையனவே. மரங்களில் பொருத்தப்படும் தானியங்கி ஒளிப்படக் கருவிகள் புலி கடந்து செல்லும்போது படம் எடுக்கின்றன. வரிகளை ஒப்பிட்டு, இது இன்ன புலி என அறிகின்றனர்.

இக்காப்பு முயற்சிக்கு மற்றொரு பக்கமும் உண்டு. ஜேனு குருபர், பெட்ட குருபர், சோலிகர் முதலிய பழங்குடி மக்கள் காப்பகம் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே இவ்வட்டாரக் காடுகளில் வாழ்ந்து வந்தவர்கள். காப்பகங்கள் அமைந்தபோது அவர்களுள் பல குடும்பங்கள் காட்டைவிட்டு வெளியே குடியமர்த்தப்பட்டன. சொந்த இடத்தை விட்டு வேறிடத்தில் வாழ்வது எத்தகையது என்பதை நீங்கள் நன்கு அறிவீர்கள். யானைப் பாகர்களாகவும் காட்டுக் காவலர்களாகவும் இன்று பணிபுரிவோர் பலர் இம்மக்களே.

காட்டின் இயல்பு

மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியைத் தன் மேற்குச் சரிவிலேயே பெற்றுக்கொள்கிறது. மலையின் கிழக்கே அமைந்த பந்திப்பூருக்கு எஞ்சிய மழையே கிடைக்கிறது. எனவே, இது வெப்பமண்டலத்து வறண்ட இலையுதிர் காடாக விளங்குகிறது. தேக்கு, வேங்கை, கருமருது, ஈட்டி, சந்தனம், நெல்லி, மூங்கில் ஆகியன இங்கு வளர்கின்றன.

கோடையில் இம்மரங்கள் இலைகளை உதிர்த்துவிடுகின்றன. இலைகளின் வழியே நீர் ஆவியாகிச் செல்லும். நீர் குறைந்த காலத்தில் இலைகளை உதிர்ப்பது மரம் செய்யும் சிக்கனம். அப்போது காடு காய்ந்து கிடப்பதுபோல் தோன்றினாலும், விலங்குகளைக் காண அதுவே ஏற்ற காலம். மறைக்கும் இலைகள் இல்லை. நீர் தேடி விலங்குகள் குளங்களுக்கு வருகின்றன. கபினி நீர்த்தேக்கத்தின் கரையில் கோடைதோறும் நூற்றுக்கணக்கான யானைகள் கூடுகின்றன. மழைக்காலத்தில் புல் எங்கும் தழைப்பதால் அவை காடெங்கும் பரவிச் சென்றுவிடும்.

சாலையோரத்தில் மஞ்சளும் சிவப்புமாகச் சிறு பூங்கொத்துகளைக் கொண்ட புதர்களை நீங்கள் கண்டிருக்கலாம். அது உண்ணிச்செடி. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து அழகுச்செடியாக இந்நாட்டிற்குக் கொண்டுவரப்பட்டது. மானும் யானையும் விரும்பி உண்ணும் புல்லை வளரவிடாமல் அது இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. கோடையில் காட்டுத்தீ பரவவும் துணைசெய்கிறது. அழகாக இருப்பது எல்லாம் காட்டிற்கு நன்மை செய்வது அன்று.

காட்டைக் காணும் முறை

புலியைக் காணவேண்டும் என்னும் ஆவலுடன் சென்று, அது தென்படாமையால் "ஒன்றையும் பார்க்கவில்லை" என்று கூறித் திரும்புவோர் பலர். காட்டைக் காண்பதற்குக் கண் மட்டும் போதாது, காதும் வேண்டும், பொறுமையும் வேண்டும்.

ஒரு மரத்தின் கீழே புள்ளிமான்கள் கூட்டமாக மேய்கின்றன எனக் கொள்வோம். அம்மரத்தின் மேலே பார்த்தால் மந்திகள் அமர்ந்திருக்கும். மந்திகள் பறித்து உண்ணும்போது தளிரும் காயும் கீழே சிதறுகின்றன. அவை மான்களுக்கு உணவாகின்றன. உயரத்தில் இருக்கும் மந்திக்குத் தொலைவு தெரியும். தரையில் இருக்கும் மானுக்கு மோப்பமும் செவியும் கூர்மை. புலியோ சிறுத்தையோ நெருங்கினால், முதலில் அறிந்த விலங்கு எச்சரிக்கைக் குரல் எழுப்பும். அக்குரலைக் கேட்டு மற்றதும் தப்பிக்கும். கடமான் ஆபத்தை உணர்ந்தால் வாலை உயர்த்தி, முன்காலால் நிலத்தை உதைத்து உரத்த குரல் எழுப்பும். வனத்துறை ஓட்டுநர்கள் வண்டியை நிறுத்தி அமைதி காப்பது இக்குரல்களைக் கேட்பதற்காகவே. நீங்கள் பேசிக்கொண்டிருந்தால் அக்குரல் உங்கள் காதில் விழாது.

மண்ணும் செய்தி கூறும். ஈரமண்ணில் பதிந்த அடித்தடம், மரப்பட்டையில் கரடியின் நகக்கீறல், யானையின் இலண்டத்தில் முளைத்த செடி ஆகியவை அங்கு நடந்தவற்றின் பதிவுகள். வளர்ந்த யானை ஒன்று நாள்தோறும் ஏறத்தாழ 150 கிலோ உணவு உண்ணும். அதனால் அது ஓரிடத்தில் தங்காது. மூத்த பெண் யானையின் தலைமையில் கூட்டம் இடம்பெயர்ந்துகொண்டே இருக்கும். செல்லும் இடமெல்லாம் விதைகளையும் விதைத்துச் செல்லும்.

காட்டிற்குள் நடந்து செல்லலாமா?

புலிகள் காப்பகத்தின் மையப் பகுதியில் நடைப்பயணம் செல்ல இசைவு இல்லை. வனத்துறை இசைவு தரும் காலங்களில், குறித்த பாதையில், அத்துறையின் வண்டியில் மட்டுமே சென்று காணலாம். கோபாலசுவாமி மலைக்கும் அடிவாரத்திலிருந்து அரசுப் பேருந்தில்தான் செல்லவேண்டும். இவ்விதி நம் உயிரைக் காப்பதற்கு மட்டும் அன்று. மனிதர் நடமாட்டம் மிகுந்தால் விலங்குகள் நீர்நிலைகளுக்கு வர அஞ்சும். குட்டிகளுடன் இருக்கும் தாய் இடம்பெயர நேரிடும்.

நடந்து சென்று இயற்கையைக் காண விரும்புவோர் சாமுண்டி மலையின் ஏறத்தாழ ஆயிரம் படிகளில் விடியற்காலையில் ஏறலாம். ஸ்ரீரங்கப்பட்டணத்தை அடுத்த ரங்கனதிட்டுப் பறவைகள் புகலிடத்திற்கும் செல்லலாம். பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் முயற்சியால் 1940-ஆம் ஆண்டு அது புகலிடமாக்கப்பட்டது. காவிரியின் நடுவேயுள்ள சிறு தீவுகளில் மஞ்சள் மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா ஆகியன கூடு கட்டுவதைக் கரையிலிருந்தும் படகிலிருந்தும் காணலாம். அங்குப் பொறுமையாகப் பார்க்கப் பழகியவர் பந்திப்பூரில் மிகுதியாகக் காண்பர்.

ஒன்பது மணிக்கு மூடும் சாலை

பந்திப்பூர்க் காட்டின் வழியே இரண்டு தேசிய நெடுஞ்சாலைகள் செல்கின்றன. ஒன்று உதகைக்கும் மற்றொன்று வயநாட்டிற்கும் செல்வது. 2009-ஆம் ஆண்டு முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணிவரை இவற்றில் வாகனங்கள் செல்லத் தடை விதிக்கப்பட்டுள்ளது. ஆம்புலன்சுக்கும் வரையறுக்கப்பட்ட சில பேருந்துகளுக்கும் மட்டும் விலக்கு உண்டு. மறுஆண்டு கர்நாடக உயர்நீதிமன்றம் இத்தடையை உறுதிசெய்தது.

தடைக்குக் காரணம் என்ன? காட்டு விலங்குகள் பல மாலையிலும் இரவிலும்தான் இரை தேடுகின்றன. வேகமாக வரும் வண்டியின் முகப்பு விளக்கு, இருளுக்குப் பழகிய கண்களைக் கூசச்செய்கிறது. விலங்கு நகராமல் திகைத்து நிற்கிறது. பகலில் சூடேறிய தார்ச்சாலையின் வெப்பத்தை நாடிப் பாம்புகளும் இரவில் அதன்மீது வருகின்றன. தடைக்கு முன் மானும் சிறுத்தையும் யானையும் இச்சாலைகளில் அடிபட்டு மடிந்தன.

இத்தடையால் துன்பம் இல்லை எனக் கூறமுடியாது. காய்கறி ஏற்றிவரும் வண்டிகள் காத்து நிற்கின்றன. வயநாட்டு மக்கள் தடையை நீக்கக் கோரி 2019-ஆம் ஆண்டு பெரும் போராட்டம் நடத்தினர். ஊரில் ஒரு துயரச் செய்தி எனக் கேட்டு இரவில் புறப்படும் தமிழ்க் குடும்பமும் விடியும்வரை காத்திருக்க நேரிடலாம். அல்லது வேறு வழியில் சுற்றிச் செல்ல நேரிடலாம். அவர்களது வருத்தம் நியாயமானதே. ஆயினும், நமக்குச் சுற்றிச் செல்ல வேறு சாலை உண்டு; யானைக் கூட்டத்திற்கு வேறு காடு இல்லை. நாளின் இருபத்துநான்கு மணிநேரத்தில் பதினைந்து மணிநேரம் சாலை நமக்குத் திறந்திருக்கிறது. ஒன்பது மணிநேரமே காட்டிற்கு விடப்படுகிறது. இப்பங்கீடு சரியா என நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இரு மொழியில் காட்டுச் சொற்கள்

பந்திப்பூரின் கன்னடப் பலகைகளைப் படிக்கும்போது ஒரு செய்தியை உணர்வீர்கள். காடு இரு மொழியிலும் காடே; கரடி இரு மொழியிலும் கரடியே. மரம் கன்னடத்தில் மர. ஆனை கன்னடத்தில் ஆனெ. தமிழில் பகரத்தில் தொடங்கும் சொற்கள் பல இன்றைய கன்னடத்தில் ஹகரத்தில் தொடங்குகின்றன: புலி – ஹுலி, பால் – ஹாலு, பூ – ஹூவு, பத்து – ஹத்து. பழங்கன்னடத்தில் இவையும் பகரத்திலேயே தொடங்கின. தேன் கன்னடத்தில் ஜேனு ஆகிறது. ஜேனு குருபர் என்பதன் பொருள் இப்போது உங்களுக்கு விளங்கும்.

தமிழில் காட்டுச் சொற்கள் வளமானவை. ஆண் யானை களிறு; பெண் யானை பிடி. காட்டுப்பசுவைப் பழந்தமிழர் ஆமா என்றனர். காடும் காடு சார்ந்த நிலமும் முல்லை. மலையும் மலை சார்ந்த நிலமும் குறிஞ்சி.

காட்டிலிருந்து வரும் நீர்

வயநாட்டில் தோன்றும் கபினி, பந்திப்பூருக்கும் நாகரஹொளெக்கும் இடையே பாய்ந்து, திருமகூடலு நரசிப்புரத்தில் காவிரியுடன் கலக்கிறது. அவ்வூர்ப் பெயரிலுள்ள 'கூடலு' நம் 'கூடல்' என்னும் சொல்லே. பந்திப்பூரையும் முதுமலையையும் பிரிக்கும் மோயாறு, பவானி ஆற்றைச் சேர்ந்து, ஈரோடு மாவட்டத்துப் பவானியில் காவிரியை அடைகிறது. அவ்விடத்தின் பெயர் கூடுதுறை. மைசூருவில் நீங்கள் குடிக்கும் நீரும் தஞ்சையில் உங்கள் தாத்தாவின் வயலுக்குப் பாயும் நீரும் காவிரி நீரே. மழைநீரைத் தேக்கிவைத்துச் சிறிது சிறிதாக ஆற்றுக்கு விடுவது இத்தகைய காடுகளே. இதனை அறிந்தவர், சோதனைச்சாவடியில் காத்திருக்கும் நேரத்தை வீண் எனக் கருதமாட்டார்.

சொல்லும் பொருளும்

புகலிடம் – அடைக்கலம் பெறும் இடம்
இசைவு – அனுமதி
இலண்டம் – யானையின் சாணம்
மந்தி – குரங்கு வகை
கடமான் – உடல் பெருத்த மான் வகை
கூடல் – ஆறுகள் சேரும் இடம்

பயிற்சிகள்

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. பந்திப்பூருடன் தொடர்ந்து அமைந்துள்ள காப்பகங்கள் யாவை?
2. கோடையில் மரங்கள் இலைகளை உதிர்ப்பது ஏன்?
3. உண்ணிச்செடியால் காட்டிற்கு ஏற்படும் தீமைகள் யாவை?

ஆ. ஐந்து தொடர்களில் விடை எழுதுக.
1. புள்ளிமானும் மந்தியும் ஒன்றுக்கொன்று எவ்வாறு உதவுகின்றன?
2. காப்பகத்தின் மையப் பகுதியில் நடைப்பயணத்திற்கு இசைவு அளிக்காமை ஏன்?

இ. பிரித்து எழுதுக.
வேட்டைக்களம், பெருங்காடு, அடித்தடம், செந்நாய்

ஈ. பேசுக.
"இரவுநேரச் சாலைத் தடை தேவை" – இத்தலைப்பில் வகுப்பில் இரு அணிகளாகப் பிரிந்து உரையாடுக. ஓர் அணி காய்கறி வணிகர். மற்றோர் அணி காட்டுக் காவலர்.

உ. செய்து பார்க்க.
உங்கள் கன்னட நண்பரிடம் விலங்கு, மரம், பறவை ஆகியவற்றின் பெயர்கள் பத்தினைக் கேட்டு, அவற்றிற்கு இணையான தமிழ்ப் பெயர்களுடன் அட்டவணை அமைக்க. ஒலியில் ஒத்திருப்பவற்றை அடிக்கோடிடுக.