ஓரக்கண்ணால் பாரு, கண்ணு!

"இவ்வளவுதானா மாமா?"

தொலைநோக்கியிலிருந்து முகத்தை எடுத்ததும் தங்கை மகள் கேட்ட கேள்வி இது. அப்போது அவளுக்கு எட்டு வயது. முக்கால் மணி நேரம் வரிசையில் நின்று சனிக் கோளைப் பார்த்திருக்கிறாள். மிளகு அளவில் ஒரு வெளிச்சம், அதைச் சுற்றி நூல் போல ஒரு வளையம். நானோ முந்தின வாரம் முழுக்க, 2004 முதல் 2017 வரை சனியைச் சுற்றிவந்த காசினி விண்கலம் எடுத்த படங்களைச் செல்போனில் காட்டி ஆசை வளர்த்திருந்தேன். குழந்தை ஏமாறாமல் என்ன செய்யும்?

சென்னை கோட்டூர்புரத்தில் பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையமும், 1988இல் தொடங்கிய பிர்லா கோளரங்கமும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. இப்படிப்பட்ட இடங்களில் நடக்கும் வான்நோக்கு இரவுக்குப் பிள்ளையை அழைத்துப் போகும் பெற்றோருக்கு நான் முதலில் சொல்வது: படங்களைக் காட்டாதீர்கள், கதையைச் சொல்லுங்கள். 1610இல் சனியைத் தொலைநோக்கியில் பார்த்த கலிலியோவுக்கே அது வளையம் என்று புரியவில்லை. மூன்று கோள்கள் ஒட்டிக்கொண்டு நிற்பதாக நினைத்தார். அது வளையம்தான் என்று வானியலாளர் ஹைகன்ஸ் எழுதியது 1659இல். இதைக் கேட்டுவிட்டு வரும் பிள்ளைக்கு அந்த மிளகும் நூலும் பெரிய விஷயமாகத் தெரியும்.

அடுத்தது நாள். பௌர்ணமிதான் நிலவு பார்க்க ஏற்றது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அன்று வெளிச்சம் நேராக விழுவதால் நிழலே இருக்காது. நிலவு தட்டையாகத் தெரியும், கண்ணைக் கூசவைக்கும். வளர்பிறை சப்தமி, அஷ்டமியில் பாருங்கள். இருளும் ஒளியும் சந்திக்கும் கோட்டில் ஒவ்வொரு பள்ளமும் நிழலோடு எழுந்து நிற்கும். வீட்டுத் தினசரி காலண்டரில் அந்தத் தேதியைப் பிள்ளையே தேடட்டும். ஒவ்வொரு நாள் தாளையும் அவளே கிழிக்கட்டும். அந்தக் காத்திருப்பிலேயே பாதித் தயாரிப்பு முடிந்துவிடும்.

மீதிப் பாதி மொட்டை மாடியில். நாலைந்து நாள் முன்பிருந்தே ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் விளக்கை அணைத்துவிட்டுப் பாய் விரித்து உட்காருங்கள். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடமாவது ஆகும். முதலில் ஐந்து நட்சத்திரம், பிறகு பத்து, பிறகு எண்ண முடியாமல் போகும். நடுவில் யாராவது செல்போனைத் திறந்தால் போச்சு, மறுபடி முதலிலிருந்து. டார்ச் வேண்டுமென்றால் முகப்பில் சிவப்புக் கண்ணாடிக் காகிதத்தைச் சுற்றி ரப்பர் பேண்ட் போடுங்கள். மங்கிய ஒளியில் நமக்குப் பார்வை தருபவை கண்ணின் குச்சி செல்கள். சிவப்பு வெளிச்சம் அவற்றை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது.

விழித்திரையின் நடு மையத்தில் அந்தச் செல்கள் இல்லை. அதனால்தான் மங்கலான ஒன்றை நேராக முறைத்தால் மறைந்துபோகும். சற்றே தள்ளிப் பார்த்தால் தெரியும். கார்த்திகையின் ஆறு மீனைக் காட்டி, "ஓரக்கண்ணால் பாரு, கண்ணு" என்று சொல்லிப் பாருங்கள். அதுவரை நாலு எண்ணிய பிள்ளை ஐந்து, ஆறு என்று கூவும்.

கைக்கும் ஒரு பயிற்சி உண்டு. காகிதத்தைக் குழாயாகச் சுருட்டி, மாடிச் சுவரில் அசையாமல் ஒட்டிவைத்து, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஒற்றைக் கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள். தொலைநோக்கியை லேசாகத் தொட்டால்கூடக் கோள் பார்வையிலிருந்து ஓடிவிடும். அதைத் திரும்பப் பிடிக்கும்வரை பின்னால் நிற்கும் அத்தனை குழந்தைகளும் காத்திருக்க வேண்டும்.

வரிசையில் நிற்கும் நேரத்துக்கும் ஒன்று வைத்திருக்கிறேன். மாசி மாத மாலை வானத்தில் பளிச்சென்று தெரியும் சிரியஸின் ஒளி நம்மை வந்துசேர ஏறத்தாழ எட்டரை ஆண்டு ஆகிறது. எட்டரை வயதுப் பிள்ளை இன்று பார்ப்பது, அது பிறந்தபோது கிளம்பிய வெளிச்சம். புனர்பூசத்தில் இருக்கும் பொல்லக்ஸுக்குச் சுமார் 34 ஆண்டு; அது பல அம்மாக்களின் வயது. ரோகிணிக்கு ஏறக்குறைய 65, அது பாட்டிக்கு. மறுமுறை போனபோது என் தங்கை மகள் தொலைநோக்கியை மறந்து, "பாட்டி நட்சத்திரம் எங்கே?" என்று மேற்கே தேடிக்கொண்டிருந்தாள். கூட வந்திருந்த என் அம்மா, தன் வயது வெளிச்சத்தை அண்ணாந்து பார்த்தபடி வெகுநேரம் பேசவே இல்லை.

ஆகவே பாட்டி தாத்தாவையும் அழைத்துப் போங்கள். பிள்ளையை மத்தியானம் கொஞ்சம் தூங்கவையுங்கள். முழுக்கைச் சட்டையும் தண்ணீர் பாட்டிலும் மறக்க வேண்டாம். மேகம் மூடினால் நிகழ்ச்சி நடக்காது. கிளம்பும் முன் அங்கே போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள்.