பிறர் நாவில் ஒலிக்கும் நோய்: முதியோரும் இணையவழி மருத்துவ ஆலோசனையும்

மருத்துவ ஆலோசனை, மருத்துவர், நோயாளர் என்னும் இருவருக்கிடையிலான உறவாகவே பொதுவாக விளக்கப்படுகின்றது. முதியோரைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் மூவர் உறவாகும். மூன்றாமவர் சேரும்போது உறவின் இயல்பே மாறுகின்றது என்பதை ஜேர்மானியச் சமூகவியலாளர் சிம்மெல் 1908இல் எடுத்துக்காட்டினார். நோயாளருடன் வருபவர் அவருக்காக வாதிடுபவராகவோ, வாளாவிருப்பவராகவோ, எதிர்நிற்பவராகவோ அமையலாம் என 1987இல் அடெல்மன், கிறீன், சரொன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் வகுத்தனர். மூன்றாமவர் உடனிருக்கையில் முதிய நோயாளர் எழுப்பும் விடயங்கள் குறைவதை 1994இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது.

2020 மார்ச்சில் நாடளாவிய ஊரடங்கு வந்தபின் இலங்கையில் பரவலாகிய இணையவழி ஆலோசனை இவ்வுறவை மேலும் சிக்கலாக்கியுள்ளது. 2009இல் முடிவுற்ற போரினால் முற்றாக இடம்பெயர்ந்து மீளக் குடியேறிய முள்ளியவளை போன்ற வன்னிக் கிராமங்களை நோக்குவோம். பிள்ளைகள் கடல்கடந்து வாழ, முதியோர் மட்டும் ஊரில் எஞ்சிய குடும்பங்கள் இங்குள்ளன. இந்நிலையில் கைப்பேசியை இயக்குபவரும் கட்டணம் செலுத்துபவருமே பேசுபவராகவும் ஆகின்றனர். பொருளாதாரச் சார்பு பேச்சுரிமையையும் கைமாற்றிவிடுகின்றது.

இதன் விளைவு சொல்லளவில் நிற்பதன்று. மூதாட்டி ஒருவர் "கால் விறைக்குது" என்பதை மகள் "கால்நோ" என உரைத்தால், நீரிழிவினால் நரம்பு பாதிக்கப்பட்டமைக்கான அறிகுறி மூட்டுவாதமாகத் திரிபடையலாம். நேரில் வந்தவரின் நடையையும் பாதத்தையும் மருத்துவர் தாமே பார்த்து ஐயந்தீர்வார். திரையில் அவ்வாய்ப்பு அருகுகின்றது. சலம் தொடர்பான உபாதையை மகன் முன்னிலையில் கூறத் தாய் நாணுவாள். வீட்டில் நேரும் புறக்கணிப்பை, புறக்கணிப்பவரின் கைப்பேசியிலேயே முறையிடுதல் எங்ஙனம்?

எனினும் குடும்பத்தாரின் பங்கை முற்றாக மறுத்தல் பொருந்தாது. செவிப்புலன் குன்றியோருக்கும் மறதிநோயாளருக்கும், தமிழறியாத மருத்துவரை நாடுவோருக்கும் அவர்களே துணை. எனவே துணையையும் பதிலியையும் வேறுபடுத்தல் வேண்டும். 2020 மார்ச்சில் வெளியான இந்தியத் தொலைமருத்துவ வழிகாட்டல் இவ்வேறுபாட்டை ஓரளவு ஏற்கின்றது: சுயமாக முடிவெடுக்கவல்ல நோயாளர் உடனில்லாதபோது பராமரிப்பவர் பேசுவதற்கு முறையான அதிகாரமளிப்போ அதற்கு ஈடான உறுதிப்பாடோ அவசியமாகும்.

முதற்கேள்வி முதியவரிடமே கேட்கப்படல் வேண்டும். அவரது சொல் அவ்வாறே பதியப்படல் வேண்டும். சில நிமிடங்களேனும் அவர் தனித்துப் பேச இடமளிக்கப்படல் வேண்டும். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்ட நாட்டில், தன் நோயைத் தானே சொல்லும் உரிமை சலுகையாகக் கருதப்படலாகாது என்பதே எமது துணிபு.