தாராவியை எண்ணியவர்கள்

மும்பையின் தாராவிச் சந்துகளில் வாசலுக்கு வாசல் ஓர் இரும்பு ஏணி செங்குத்தாக நிற்கிறது. கீழே தையல் மெஷின்கள் ஓடும், அல்லது தோல் வெட்டும் மேசை போட்டிருக்கும். ஏணியில் ஏறிப்போனால் ஒரு குடும்பம் உலை வைத்திருக்கும். அல்லது கீழே வேலை பார்க்கும் பையன்கள் அங்கே தூங்கிக்கொண்டிருப்பார்கள். வீடும் பட்டறையும் பிரிக்க முடியாமல் கலந்துவிட்ட இந்த ஊர், இரண்டரைச் சதுர கிலோமீட்டருக்கும் குறைவான நிலத்தில் அடங்கிவிடுகிறது. அதற்குள் எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்பதற்கு மட்டும் எல்லோரும் ஒப்புக்கொண்ட கணக்கு இன்றுவரை இல்லை. தாராவியை ஆள்வது யார் என்ற கேள்வி, தாராவிக்காரர் யார் என்று எண்ணுவது யார் என்ற கேள்வியோடு எப்போதும் பிணைந்தே வந்திருக்கிறது.

முதலில் இது மீனவ கிராமம். மித்தி ஆறு மாகிம் கழிமுகத்தைச் சேரும் சதுப்பு நிலத்தில் கோளி என்ற மீனவச் சமூகத்தார் வலை வீசினார்கள். ஆற்றங்கரையில் 1737இல் ஆங்கிலேயர் கட்டிய காவல் கோட்டையை மக்கள் காலா கில்லா என்கிறார்கள். அதன் கறுத்த சுவர்கள் இன்னும் நிற்கின்றன. 1909இல் வெளிவந்த பம்பாய் கெஜட்டியர், நகரின் ஆறு பெரிய கோளிவாடாக்களில், அதாவது கோளிக் குடியிருப்புகளில், ஒன்றாகத் தாராவியைக் குறிக்கிறது. ஜமாத் என்ற ஊர்க்கூட்டம் கோளிகளின் பொதுக் காரியங்களைப் பார்த்துக்கொண்டது. இந்த ஊரின் முதல் உள்ளாட்சி அதுதான்.

நகரம் வளர வளர, நாற்றமும் புகையும் கிளப்பும் தொழில்கள் அதன் வடக்கு விளிம்புக்குத் தள்ளப்பட்டன. 1887இல் தாராவியில் முதல் தோல் பதனிடும் தொழிற்சாலை வந்தது. கழிமுகத்துக்கு அந்தப் பக்கம் பாந்திராவில் இறைச்சிக்கூடம் இருந்ததால் தோலுக்குக் குறைவில்லை. சுண்ணாம்புத் தொட்டிகளில் இறங்கி வேலை செய்யத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து முஸ்லிம்களும் ஆதிதிராவிடர்களும் வந்தார்கள். சௌராஷ்டிரத்துக் குயவர்கள் சூளை போட்ட இடம் கும்பார்வாடா ஆயிற்று. கழிமுகம் மெல்லத் தூர்ந்தது, மீனும் போயிற்று. குப்பையும் மண்ணும் கொட்டிச் சதுப்பை நிரப்பி, குடியேறியவர்களே நிலத்தை உண்டாக்கினார்கள்.

அப்படி உண்டான நிலத்தில் குழாயும் இல்லை, சாக்கடையும் இல்லை. பம்பாய் மாநகராட்சியின் அடிப்படைச் சட்டம் 1888இலேயே வந்துவிட்டது; ஆனால் சட்டம் இருந்த ஊரும் மக்கள் இருந்த ஊரும் நெடுங்காலம் வேறுவேறாக இருந்தன. இடைவெளியைச் சங்கங்கள் நிரப்பின. தமிழர்கள் 1913இல் பிள்ளையார் கோயில் கட்டினார்கள். 1924இல் தமிழ்ப் பள்ளி திறந்தார்கள். அடுத்த நாற்பது ஆண்டுகளுக்கு ஊரில் இருந்தது அந்த ஒரே பள்ளிதான். ஆதிதிராவிட மகாஜன சங்கம் போன்ற அமைப்புகள் கோயிலையும் திருவிழாவையும் நடத்தியதோடு, மக்களின் வழக்குகளையும் பேசித் தீர்த்தன. ஊரிலிருந்து வந்து இறங்கியவனுக்குத் தங்க ஓர் இடமும் செய்ய ஒரு வேலையும் அரசு அலுவலகத்தில் கிடைக்கவில்லை, ஊர்க்காரர்களிடம்தான் கிடைத்தன.

குடிசைகளை இடித்துத் தள்ளுவதையே பெரும்பாலும் கொள்கையாக வைத்திருந்த அரசு, 1971இல் மகாராஷ்டிரக் குடிசைப்பகுதிச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1976இல் அரசு நிலங்களிலிருந்த குடிசைகளை எண்ணி, குடும்பப் படம் ஒட்டிய ஓர் அட்டையைக் கொடுத்தது. மும்பைத் தமிழர் வாயில் அது 'போட்டோ பாஸ்'. அந்த அட்டை இருந்தால் இடிக்க வரும்போது மாற்றிடம் கேட்கலாம். இல்லாதவருக்குப் பேச வாயில்லை. பெட்டிக்குள் பட்டுப்புடவைக்கும் அடியில் வைத்துக் காக்கப்படும் காகிதமாக அது ஆகிவிட்டது.

அட்டை கிடைத்தவர்கள்கூட எப்போதும் தப்பவில்லை. செம்பூருக்கு அப்பால், அணுசக்தி மையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனியில் ஏராளமான தமிழர்கள் வாழ்ந்தார்கள். அங்கே வளர்ந்த தலைவர்தான் கோலார் தங்கவயலிலிருந்து வந்த ஜோக்கின் அற்புதம். காலனியில் மாநகராட்சி குப்பை அள்ளவில்லை. ஜோக்கின் சிறுவர்களைத் திரட்டினார். ஆளுக்குக் கொஞ்சம் குப்பையைச் சுமந்துபோய் மாநகராட்சி அலுவலக வாசலிலேயே கொட்ட வைத்தார். குப்பை வண்டி வர ஆரம்பித்தது. ஆனால் நெருக்கடிநிலைக் காலத்தில், 1976இல், காலனியே இடிக்கப்பட்டு மக்கள் சீத்தா கேம்புக்குப் பெயர்க்கப்பட்டார்கள். அந்தத் தோல்வியைச் சுமந்தவர்தான் தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பைக் கட்டி வளர்த்தார். 2000இல் மகசேசே விருது பெற்ற அவர் 2018இல் மறைந்தார்.

1979இல் தாராவியில் 'பிரவுட்' என்ற மக்கள் அமைப்பு தோன்றி, தண்ணீருக்காகவும் கழிப்பிடத்துக்காகவும் போராடியது. 1985இல் பம்பாய் வந்த ராஜீவ் காந்தி, நகரச் சீரமைப்புக்கு 100 கோடி ரூபாய் அறிவித்தார். அதில் ஒரு பெரும்பங்கு தாராவிக்கு. திட்டம் தீட்டிய அதிகாரிகளின் குறைவான மக்கள்தொகைக் கணக்கைப் பார்த்ததும் ஊரே திகைத்தது. எண்ணிக்கையில் வராத குடும்பம் வெளியேற்றப்படும் குடும்பம். எனவே ஜோக்கினின் கூட்டமைப்பும் 'ஸ்பார்க்' தொண்டு நிறுவனமும் உள்ளூர் மக்களோடு சந்து சந்தாக நடந்து, வீடு வீடாக எண்ணினார்கள். அரசு சொன்னதைவிட மிக அதிகமான குடும்பங்கள் கணக்கில் வந்தன. அதன்பின் அதிகாரிகளோடு உட்கார்ந்தபோது மக்கள் கையிலும் ஒரு பதிவேடு இருந்தது.

இன்று தாராவியில் அதிகாரம் பல அலுவலகங்களில் சிதறிக் கிடக்கிறது. தண்ணீர், குப்பை, கழிப்பிடம் ஆகியவற்றை மாநகராட்சியின் ஜி-வடக்கு வார்டு பார்க்கிறது. நிலத்தில் பெரும்பகுதி மாநகராட்சியுடையது. மீதியில் மாநில அரசு, ரயில்வே, தனியார் என்று பலருக்குப் பங்குண்டு. ஆனால் இங்கே எது கட்டலாம் என்று முடிவு செய்வது மாநில அரசின் கீழ் இயங்கும் குடிசை மறுவாழ்வு ஆணையம். மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பும் நகர்சேவக் குழாய் உடைந்தால் ஆள் அனுப்பலாம். ஊரின் எதிர்காலத்தில் அவருக்குச் சொல் இல்லை. போதாததற்கு, 2022 மார்ச்சில் மாமன்றத்தின் காலம் முடிந்தபின் மூன்று ஆண்டுகளுக்கும் மேலாகத் தேர்தலே நடக்கவில்லை.

வார்டு அலுவலகத்தால் எதுவும் முடியாது என்றும் சொல்லிவிட முடியாது. 2020 ஏப்ரல் 1 அன்று தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டபோது, ஊரே அழிந்துவிடும் என்றுதான் பலர் நினைத்தார்கள். மாநகராட்சி ஊழியர்கள் உள்ளூர்த் தனியார் மருத்துவர்களையும் சேர்த்துக்கொண்டு காய்ச்சல் முகாம் நடத்தினார்கள். பொதுக் கழிப்பிடங்களைத் திரும்பத் திரும்பக் கழுவினார்கள். ஜூலையில் உலக சுகாதார அமைப்பின் தலைவரே தாராவியை முன்மாதிரியாகக் குறிப்பிட்டார்.

இப்போதைய பெரிய மாற்றம் மறுமேம்பாட்டுத் திட்டம். 2004இல் அரசு ஒப்புதல் பெற்ற யோசனை பல டெண்டர்களில் சிக்கி, 2022 நவம்பரில் 5,069 கோடி ரூபாய்க்கு அதானி குழுமத்தின் கைக்கு வந்தது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்த தரைத்தள வீட்டுக்காரருக்கு 350 சதுர அடி வீடு தாராவியிலேயே இலவசம். 2000க்கும் 2011க்கும் இடையில் வந்தவருக்கு 2.5 லட்ச ரூபாய்க்கு 300 சதுர அடி, தாராவிக்கு வெளியே. மாடியில் இருப்பவருக்கும் பின்னால் வந்தவருக்கும் வாடகை வீடு, அதுவும் வெளியேதான். தகுதியுள்ள பட்டறைக்கு 225 சதுர அடிவரை இலவசம். ஆனால் மாசுபடுத்தும் தொழிலுக்கு உள்ளே இடமில்லை. சூளை வைத்திருக்கும் குயவரும், 13 காம்பவுண்டில் பழைய பிளாஸ்டிக்கை உருக்குகிறவரும் இந்த வரியைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறார்கள். காலையில் இட்லி அவித்து நகரமெங்கும் கொண்டுபோய் விற்கிறவருக்கு, நகருக்குப் பக்கத்தில் குடியிருப்பதே பாதி முதல்.

2024 மார்ச்சில் கணக்கெடுப்பு தொடங்கியது. குழுக்கள் ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஓர் எண் கொடுத்து, அளந்து, காகிதங்களைச் சரிபார்த்தன. தங்கள் மண் பூர்வீகம், குடிசைப்பகுதி அல்ல, அதைத் திட்டத்தில் சேர்க்காதீர்கள் என்று கோளிவாடாக்காரர்கள் கேட்டார்கள். மற்ற சந்துகளில் எண் எழுத வந்தவர் வாசலில் நின்றபோது, வீட்டுக்காரர் போட்டோ பாஸைப் பெட்டியிலிருந்து எடுத்து வந்தார். மாடியில் குடியிருப்பவரும் தன் மின்சாரக் கட்டண ரசீதுகளைக் கையில் பிடித்தபடி ஏணியில் இறங்கி வந்தார்.