கழுத்தில் கொடி சுற்றியிருக்கிறதா? கலங்க வேண்டாம்!

ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் பிடித்தபடி ஒரு மாமியாரும், எட்டு மாதக் கர்ப்பிணியான மருமகளும் என் வைத்தியசாலைக்கு வந்தார்கள். குழந்தையின் கழுத்தில் கொடி ஒரு சுற்று சுற்றியிருப்பதாக ரிப்போர்ட்டில் இருந்தது.

"டாக்டரய்யா, கொடி அவிழுறதுக்குக் கஷாயம் ஏதாவது குடுங்க" என்றார் மாமியார். மருமகள் வாயே திறக்கவில்லை. அழுது அழுது கண் சிவந்திருந்தது. மெல்ல விசாரித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. துணி காயப்போடக் கையைத் தூக்கினாளாம். கொடியில் துணி போட்டதால் பிள்ளைக்கும் கொடி சுற்றிக்கொண்டதாம்! பத்து நாளாக வீட்டில் இதே பேச்சு. போதாக்குறைக்கு, கொடி சுற்றிப் பிறக்கும் பிள்ளை தாய்மாமனுக்கு ஆகாது என்று பிறந்த வீட்டிலும் பயம்.

கஷாயம் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பசியின்மைக்கும் மலச்சிக்கலுக்கும் கர்ப்பிணிகளுக்கு ஏற்ற மருந்துகள் நம் சித்த வைத்தியத்தில் உண்டு. ஆனால் சுற்றிய கொடியை அவிழ்க்கிற மருந்து எங்களிடமும் இல்லை, ஆங்கில வைத்தியத்திலும் இல்லை. "இருக்கிறது" என்று யாராவது சொன்னால் பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

தொப்புள்கொடி என்பது என்ன? ஒரு முனை குழந்தையின் தொப்புளில், மறுமுனை நஞ்சில். நிறைமாதத்தில் அதன் நீளம் சுமார் 50 முதல் 60 சென்டிமீட்டர். பூக்காரம்மா கணக்கில் ஒரு முழத்துக்குச் சற்றுக் கூடுதல். உள்ளே மூன்று ரத்தக் குழாய்கள். ஒன்று பிராணவாயுவும் சத்தும் நிறைந்த ரத்தத்தைக் குழந்தைக்குக் கொண்டுவரும். மற்ற இரண்டும் கழிவு ரத்தத்தை நஞ்சுக்குத் திருப்பி எடுத்துப்போகும். இந்த மூன்றையும் சுற்றி, நுங்கு போலக் கொழகொழவென்று ஒரு பொருள் இருக்கிறது. கொடி வளைந்தாலும் முறுக்கினாலும் குழாய்கள் எளிதில் நசுங்காமல் காப்பது அதுதான்.

இங்கேதான் பலரும் தவறாக நினைக்கிறார்கள். கழுத்தில் சுற்றினால் மூச்சுக்குழல் நெரிபடும் என்று பயப்படுகிறார்கள். வயிற்றுக்குள் இருக்கும் குழந்தை நம்மைப்போல மூக்கால் காற்றை இழுப்பதில்லையே! அதற்குத் தேவையான பிராணவாயு முழுவதும் கொடி வழியாகத்தான் வருகிறது. ஆகவே கொடிக்குள் ரத்த ஓட்டம் தடைப்படாமல் இருக்கிறதா என்பதே கேள்வி. அதைக் குழந்தையின் இதயத் துடிப்பு சொல்லிவிடும்.

பனிக்குட நீரில் குழந்தை புரளும், உருளும், குட்டிக்கரணம் போடும். அப்போது கொடி சுற்றும். தானே அவிழவும் செய்யும். ஏறக்குறைய நான்கு பிரசவங்களில் ஒன்றில் கழுத்தில் கொடி சுற்றித்தான் குழந்தை பிறக்கிறது. பெரும்பாலானவை சுகப்பிரசவங்களே. தலை வெளியே வந்ததும் டாக்டரோ நர்ஸோ சுற்றை விரலால் தளர்த்தி எடுத்துவிடுவார். இறுக்கமாக இருந்தால் கிளிப் போட்டு வெட்டிவிடுவார். நீங்கள் கையைத் தூக்குவதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. மாமன் ஆயுசுக்கும் கிடையாது. எண்ணெயில் முகம் பார்க்கிற சடங்கு செய்ய ஆசைப்பட்டால் செய்துகொள்ளுங்கள். ஆனால் அதற்காகப் பெற்றவளைப் பழிக்காதீர்கள்.

கொடி சுற்றியிருக்கிறது என்ற ஒரு காரணத்துக்காக மட்டும் பொதுவாக ஆபரேஷன் தேவைப்படாது. வலி எடுத்தபின் இதயத் துடிப்பு குறைந்து, திரும்ப ஏறாமல் இருந்தால், அப்போது டாக்டர் ஆபரேஷன் என்று சொன்னால் தாமதிக்காதீர்கள். நல்ல நேரம் பார்க்க அது நேரமில்லை.

அப்படியானால் பயப்பட எதுவுமே இல்லையா? இருக்கிறது.

முதலாவது, அசைவு. ஏழாம் மாதத்துக்குப் பிறகு உங்கள் குழந்தை எந்த நேரத்தில் எப்படித் துள்ளும் என்பது உங்களுக்கே பழகிவிடும். அந்த வழக்கம் குறைந்தது போலத் தெரிந்தால் இடப்பக்கம் சாய்ந்து படுத்துக் கவனியுங்கள். இரண்டு மணி நேரத்தில் 10 அசைவு தெரியாவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அசைவே இல்லையென்றால் இரண்டு மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம். "நிறைமாசம் ஆச்சுல்ல, இடமில்லாம பிள்ளை அடங்கிக் கிடக்கு" என்று பெரியவர்கள் சமாதானம் சொல்வார்கள். நம்பாதீர்கள்.

இரண்டாவது, கொடி முந்துவது. இது அபூர்வம், ஆனால் பெரிய ஆபத்து. பனிக்குடம் உடைந்ததும் குழந்தைக்கு முன்பாகக் கொடி நழுவி இறங்கிவிடும். குழந்தையின் தலையே அதை அழுத்தி ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். குழந்தை குறுக்காகவோ, கால் கீழாகவோ இருப்பவர்கள், இரட்டைப் பிள்ளை சுமப்பவர்கள், பனிக்குட நீர் அதிகம் உள்ளவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். நீர் உடைந்ததும், வலி வரட்டும் என்று வீட்டில் உட்காராமல் கிளம்பிவிடுங்கள். கொடி வெளியே தெரிந்தால் அதைத் தொடவோ, உள்ளே தள்ளவோ கூடாது. முழங்காலையும் மார்பையும் படுக்கையில் ஊன்றி, இடுப்பை உயர்த்திக் குனிந்திருக்கச் சொல்லி 108-ஐ அழையுங்கள். வண்டியில் இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வைத்து, இடுப்புக்குக் கீழே தலையணை வையுங்கள். காபி, கஞ்சி எதுவும் கொடுக்காதீர்கள். மயக்க மருந்து கொடுக்க நேரலாம்.

என்னிடம் வந்த அந்தப் பெண்ணுக்குச் சுகப்பிரசவம், பெண் குழந்தை. சுற்று ஒன்றல்ல, இரண்டு இருந்ததாம். மாமன்தான் முதலில் தூக்கியிருக்கிறார். பதினோராம் நாள் மாமியார் மறுபடி வந்தார், கொடி விழுந்த இடத்தில் வசம்புக் கரி வைக்கலாமா என்று கேட்க!

வேண்டாம். வசம்பு, சாம்பல், மஞ்சள், விளக்கெண்ணெய், பவுடர் எதுவும் தொப்புளில் வேண்டாம். ஒரு காலத்தில் அழுக்குக் கத்தியாலும் சாணச் சாம்பலாலும் நம் ஊர்க் குழந்தைகள் ரணஜன்னி வந்து இறந்திருக்கின்றன. கர்ப்பிணிகளுக்கான தடுப்பூசியும் சுத்தமான பிரசவமும் பரவிய பிறகுதான், 2015-ல் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவில் அந்நோய் ஒழிப்பு இலக்கு எட்டப்பட்டதாக அறிவித்தது. கொடித் துண்டு உலர்ந்து ஒன்றிரண்டு வாரத்தில் தானாக விழும், பிய்க்கக் கூடாது. டயப்பரையும் கோவணத்தையும் அதற்குக் கீழே கட்டுங்கள். தொப்புளைச் சுற்றிச் சிவந்தாலோ, சீழ் நாற்றம் வந்தாலோ, ரத்தம் நிற்காமல் கசிந்தாலோ, குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, என்னைப் போன்ற சித்த வைத்தியரைத் தேடி அலையாமல் நேரே குழந்தை டாக்டரிடம் கொண்டுபோங்கள், அன்றைக்கே.