உங்களுக்குத் தெரியுமா? கட்டடத்தோடு மல்லுக்கு நின்ற கலைஞர்கள்

நியூயார்க்கில் 25 டாலருக்கு மனை வாங்க முடிந்த காலம் ஒன்று இருந்தது. 1973 வாக்கில் கார்டன் மட்டா-கிளார்க் என்ற கலைஞர் மாநகராட்சி ஏலத்தில் 15 துண்டு நிலங்களை வாங்கினார். ஒவ்வொன்றும் 25 முதல் 75 டாலர். குவீன்ஸ் பகுதியில் 14, ஸ்டேட்டன் ஐலண்டில் ஒன்று. எல்லாம் நில அளவையில் ஒட்டாமல் மிஞ்சிப்போன துணுக்குகள். யாரோ ஒருவரின் கார் நுழையும் வழியை ஒட்டிய ஒடுங்கிய பட்டை, நடைபாதையோரத்து மிச்சம், சுற்றிலும் கட்டடம் எழும்பியதால் வாங்கியவரே கால் வைக்க முடியாத மனை. நம்மூரில் இரண்டு வீட்டுக்கு நடுவே முக்கால் அடி கிடந்தால் மூன்று தலைமுறைக்கு வழக்கு ஓடும். இவர் அந்த முக்கால் அடியை மட்டும் தேடிப் பிடித்து வாங்கினார்! பத்திரம், வரைபடம், புகைப்படம் மூன்றும் சேர்ந்ததுதான் படைப்பு. 1978இல், 35 வயதில் அவர் இறந்துபோனார். வரி கட்ட ஆளில்லாமல் நிலம் முழுவதும் மாநகராட்சிக்கே திரும்பிவிட்டது.

*

ஒரு வீட்டை நடுவே ரம்பத்தால் அறுத்தவரும் இதே மட்டா-கிளார்க்தான். நியூ ஜெர்சியின் எங்கல்வுட், 1974. எப்படியும் இடிக்கப்படவிருந்த வீடு அது. மேலிருந்து கீழ்வரை பிளந்தார். ஒரு பாதியை ஜாக்கியில் தூக்கி நிறுத்தி, அடித்தளத்தைச் சரிவாகச் செதுக்கி, மெல்ல இறக்கினார். பாதி வீடு சாய்ந்துகொள்ள, பிளவு வழியாக வெயில் உள்ளே இறங்கியது. கட்டடக்கலை படித்தவர், எதை அறுத்தால் எது தலையில் விழும் என்று தெரிந்தவர்.

அடுத்த ஆண்டு ஹட்சன் ஆற்றங்கரையில், கைவிடப்பட்ட 52ஆம் எண் துறைக் கொட்டகைக்குள் யாரையும் கேட்காமல் புகுந்து, பூட்டை மாற்றி, தகரச் சுவரில் பிறை வடிவில் பெரிய திறப்பை வெட்டினார். மாநகராட்சி பிடியாணை பிறப்பித்தது. ஆள் ஐரோப்பாவில் இருந்தார். 2021இல் டேவிட் ஹாமன்ஸ் என்ற கலைஞர் அதே இடத்தில், அதே அளவில், அந்தக் கொட்டகையின் வெறும் எலும்புக்கூட்டை எஃகுக் குழாயில் நிறுத்தினார். இம்முறை முறையான அனுமதியோடு!

*

லண்டனில் ரேச்சல் வைட்ரீட் அறுக்கவில்லை, நிரப்பினார். வரிசை வீடுகளில் கடைசியாக மிஞ்சியிருந்த ஒன்றின் உட்சுவர்களில் கான்கிரீட்டைப் பூசி இறுகவிட்டு, வெளிச்சுவர்களை உரித்து எடுத்தார். நின்றது வீடல்ல, வீட்டுக்குள் இருந்த வெற்றிடம்! 1993 நவம்பர் 23 அன்று அவருக்குக் கலைக்கான டர்னர் பரிசு கிடைத்தது. அதைப் பெற்ற முதல் பெண் அவர். அதே நாளில் ‘மிக மோசமான கலைஞர்’ என்று வேறொரு குழு அவருக்கு டர்னரைப்போல் இரு மடங்குத் தொகையைக் கொடுத்தது. அதே நாளில்தான் படைப்பை இடிக்க உள்ளாட்சி மன்றம் முடிவெடுத்ததும். 1994 ஜனவரியில் இடித்தார்கள்.

*

மன்ஹாட்டனின் அரசு அலுவலகச் சதுக்கத்தில் ரிச்சர்ட் செர்ரா 1981இல் 120 அடி நீளம், 12 அடி உயரத்துக்கு ஒரு வளைந்த எஃகுச் சுவரை நட்டார். 1985இல் பொது விசாரணை நடந்தது. இருக்கட்டும் என்றவர்கள் 122 பேர், எடுங்கள் என்றவர்கள் 58 பேர். எடுத்துவிட்டார்கள், 1989இல்! கலை உலகம் இன்றும் இதைச் சொல்லி வருந்துகிறது. எனக்கென்னவோ, தினமும் அந்தச் சுவரைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போன குமாஸ்தாவின் எரிச்சலும் நியாயமாகவே படுகிறது.

*

பெர்லினில் ராய்ஷ்டாக் எனும் நாடாளுமன்றக் கட்டடத்தைத் துணியால் மூட கிறிஸ்டோவும் அவர் மனைவி ஜான்-கிளாடும் 24 ஆண்டுகள் காத்திருந்தார்கள். கடைசியில் 1994இல் நாடாளுமன்றமே விவாதித்து வாக்கெடுத்தது: ஆதரவு 292, எதிர்ப்பு 223. சான்சலர் ஹெல்முட் கோல் எதிர்த்தும் நிறைவேறியது. 1,00,000 சதுர மீட்டர் துணி, 15 கிலோமீட்டருக்கு மேல் கயிறு. பார்க்கக் கிடைத்தது இரண்டு வாரம். செலவு முழுவதும் அவர்கள் தங்கள் படைப்புகளை விற்ற காசு.

*

தேய்ச்சிங் ஷே 1981 செப்டம்பரிலிருந்து ஒரு வருடம் முழுக்க நியூயார்க் தெருவிலேயே வாழ்ந்தார். வீடு, கார், ரயில், கூடாரம் எதற்குள்ளும் போவதில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டிருந்தார். போலீஸ் பிடித்து உள்ளே வைத்த சுமார் 15 மணி நேரம் மட்டும்தான் தலைக்கு மேல் கூரை.

*

உலகின் பல நகரங்களில் கட்டடங்களுக்கு நடுவே வானத்தில் மிதக்கும் ராட்சத வலைச் சிற்பங்களுக்கு விதை விழுந்தது மாமல்லபுரத்தில்! அமெரிக்கரான ஜேனட் எக்கல்மன் 1997இல் ஓவியக் கண்காட்சி வைக்க வந்தார். அனுப்பிய வண்ணங்கள் வந்து சேரவில்லை. ஊர் சிற்பத்துக்குப் பேர்போனது ஆயிற்றே என்று வெண்கல வார்ப்பில் இறங்கிப் பார்த்தார். கனமும் செலவும் கட்டுப்படியாகவில்லை. ஒரு மாலை, கடற்கரையில் மீனவர்கள் குவித்து வைத்த வலையைப் பார்த்தவருக்குப் பொறி தட்டியது: கனமில்லாமலே பெரிய உருவம். அங்குள்ள மீனவர்களோடு சேர்ந்துதான் முதல் வலைச் சிற்பங்களைச் செய்தார். 2005இல் போர்ச்சுகலின் போர்ட்டோ அருகே, அதுவும் ஒரு மீன்பிடி ஊரில், சாலைச் சந்திப்புக்கு மேல் பிரம்மாண்டமான வலையைத் தொங்கவிட்டார். காற்று எப்படி வீசுகிறதோ அப்படி அது உருமாறும்.

*

மைக்கேல் ராக்கோவிட்ஸ் 1998இல் வீடற்றவர்களுக்குக் காற்றடைத்த பிளாஸ்டிக் கூடாரங்கள் செய்து கொடுக்கத் தொடங்கினார். பெரிய கட்டடங்களின் காற்றுப்போக்கி வழியே வீணாக வெளியேறும் வெதுவெதுப்பான காற்றில் குழாயைப் பொருத்தினால் போதும். கூடாரம் உப்பி நிற்கும், உள்ளே குளிராது. முதலில் கறுப்புப் பிளாஸ்டிக்கில் செய்தார், அந்தரங்கம் வேண்டுமே என்று. படுப்பவர்கள் ஒப்பவில்லை. யார் கிட்டே வருகிறார்கள் என்று பார்க்க வேண்டும், ஜன்னல் வையுங்கள் என்றார்கள். வைத்தார். நியூயார்க்கில் இன்னொரு சிக்கல். பூங்காவில் மூன்றரை அடிக்கு மேல் உயரமான எதுவும் சட்டப்படி கூடாரம். கூடாரம் போடக் கூடாது. ஆகவே ஒருவருக்கு அந்த உயரத்துக்குள் அடங்கும்படி, படுக்கைப் பைபோலத் தாழ்வாகச் செய்து கொடுத்தார். போலீஸ்காரர்கள் வந்தார்கள், அளந்து பார்த்தார்கள், போய்விட்டார்கள்.